பரண் மேல் இருந்த 'மர்ம தேசம்'

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் என்ன செய்வார்கள்? டெஸ்க்டாப்பில் குழந்தையின் போட்டோவை வைப்பார்கள். சாலிடேர் விளையாடுவார்கள். மூன்றாம் நாள் யாராவது ஒரு நண்பர் வந்து உட்கார்ந்து, "ஒரு பழைய நாடகம் தேடிப் பார்க்கலாமா?" என்று கேட்பார். ராசிபுரத்தில் என் நண்பன் வீட்டில் அந்த நண்பர் நான்தான். தேடிய நாடகம் 'மர்ம தேசம்'.

1990களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பேச்சு அரை மணி நேரத்துக்குக் குறையாது. பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த தொடர் இது. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். முதலில் வந்த 'ரகசியம்', அடுத்து வந்த 'விடாது கருப்பு' இரண்டையும் இயக்கியவர் நாகா. அதற்குப் பிறகு 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' என்று தொடர்ந்தது. 'மர்ம தேசம்' என்பது கூரையின் பெயர் மட்டும்தான். அதன் கீழே ஒவ்வொரு கதையும் தனி வீடு. ஊர் வேறு, ஆட்கள் வேறு, பயமும் வேறு.

இந்த மாதிரித் தொகுப்புத் தொடர்களுக்கு உலக அளவில் பெரியண்ணன் 'தி ட்விலைட் ஸோன்'. அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் 1959 அக்டோபரில் தொடங்கி 1964 வரை ஓடியது. மொத்தம் 156 எபிசோடுகள். ராட் செர்லிங் என்பவர் தானே எழுதி, சூட் கோட்டோடு திரையில் வந்து கதையை ஆரம்பித்தும் வைப்பார். அதில் ஒரு எபிசோடில் கம்ப்யூட்டர் ஒன்று தன்னை இயக்கும் ஆளையே காதலிக்கும். 1964ல் வந்த கதை அது. 2010ல் நாம் 'எந்திரன்' பார்த்துக் கைதட்டினோம்.

தமிழில் அறிவியல் கதைத் தொடர் என்று கேட்டால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, சுஜாதா எழுதித் தூர்தர்ஷனில் வந்த 'என் இனிய இயந்திரா'. 2021ல் நடப்பதாக அவர் எழுதிய கதை. ஜீனோ என்ற ரோபோ நாய் அதில் புத்தகம் படிக்கும், வாதம் செய்யும். 2021 வந்து போய்விட்டது. ஜீனோ இன்னும் வரவில்லை. ஆனால் அது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதை. தனித்தனிக் கதைகளை ஒரே பெயரில் கட்டி, 'இது சாமியா, சயன்ஸா?' என்று ஒவ்வொன்றிலும் நம்மை நடுவில் நிறுத்தி வைத்தது 'மர்ம தேசம்'தான். அதனால்தான் அதை ட்விலைட் ஸோனுக்குச் சித்தப்பா பையன் என்று சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் இந்தத் தொடருக்குக் கூடுதல் உரிமை உண்டு. இந்திரா சௌந்தர்ராஜன் சேலத்தில் பிறந்தவர். பிறகு மதுரைக்காரராகவே வாழ்ந்து, 2024 நவம்பரில் மறைந்தார். 'ரகசியம்' கதையில் சித்தர்கள், கோயில், நவபாஷாண லிங்கம் என்று வரும். ராசிபுரத்து மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே கொல்லிமலை தெரியும். சித்தர்கள் இன்றும் உலவுவதாகப் பெரியவர்கள் சொல்லும் மலை. நாடகம் முடிந்ததும் மாடிக்கு ஓடிப்போய், இருட்டில் மலை மேல் ஏதாவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்போம். தெரியும். மலைக்கிராமத்து வீட்டு விளக்குதான். ஆனால் அன்றைக்கு அப்படி ஒத்துக்கொள்ள நாங்கள் யாருமே தயாராக இல்லை.

'விடாது கருப்பு' இன்னும் மோசம். தப்பு செய்கிறவர்களைக் கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று ஒரு கிராமமே நம்புகிறது. டாக்டருக்குப் படித்த ஒரு பெண் அதை நம்ப மறுக்கிறாள். சேத்தன், தேவதர்ஷினி இருவரையும் எங்களுக்கு அறிமுகம் செய்தது இந்தக் கதைதான். பின்னாளில் இருவரும் நிஜ வாழ்க்கையிலும் தம்பதி ஆனார்கள். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்! எங்கள் தெருமுனையில் முனியப்பன் கோயில், வெளியே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண் குதிரை. நாடகம் வரும் ராத்திரியில் எதிர்வீட்டில் டிவி பார்த்துவிட்டு அந்தக் குதிரையைத் தாண்டி வீட்டுக்கு ஓட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஓடி, சாக்கடையில் விழுந்தவனும் உண்டு. அவன் இன்றைக்கு லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான், அதனால் அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். தேடியதும் கிடைத்துவிட்டது. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனமே தன் யூடியூப் சேனலில் இந்தத் தொடரைப் போட்டிருக்கிறது. உரிமையாளரே கொடுப்பதால் கண்ட இடத்திலும் டவுன்லோட் செய்து வைரஸ் வாங்க வேண்டாம். அன்று ராத்திரி நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தோம்.

முதல் அதிர்ச்சி எனக்குத்தான். படம் கலரில் இருந்தது! எதிர்வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. இத்தனை வருடமும் நான் அந்த நாடகமே கறுப்பு வெள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். வெற்றிலைக் காவி, குங்குமம், செம்மண் எதையும் நான் பார்த்ததே இல்லை.

இரண்டாவது பிரச்னை, உங்களுக்கும் வரும். படம் திரையின் நடுவில் சதுரம் மாதிரி நிற்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. மானிட்டரில் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரருக்குப் போன் செய்ய வேண்டாம். அந்தக் காலத்து டிவியின் அகல உயர விகிதம் 4:3. உங்கள் புது மானிட்டர் பெரும்பாலும் 16:9. இழுத்து நிரப்பினால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். பட்டையோடு பார்ப்பதுதான் சரி. முழுத்திரையில் படம் கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். அதுவும் கம்ப்யூட்டரின் குற்றம் இல்லை. பழைய டிவிப் படத்தில் மேலிருந்து கீழாக மொத்தமே 576 கோடுகள்தான். உங்கள் மானிட்டரில் 1080.

மூன்று எபிசோடு பார்த்திருப்போம். நண்பன் திடீரென்று வீடியோவை நிறுத்தினான்.

"மாப்ள, இது நாம பார்த்தது இல்லடா."

"அதேதான்டா. என்ன ஆச்சு உனக்கு?"

"விளம்பரம் இல்ல. அடியில ஓடுற எழுத்து இல்ல. எங்கப்பா இல்ல."

அவன் சொன்னது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் அப்பா அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுத்தவர். வீட்டின் முன்னறைதான் கன்ட்ரோல் ரூம். மாடியில் டிஷ், உள்ளே நாலைந்து பெட்டிகள், ஒரு வி.சி.ஆர். படத்தின் அடியில் ஊர் விளம்பரங்களை ஓட விடுவார். அவன் அம்மா அப்போது சேகோ பேக்டரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மரவள்ளி வெட்டு சமயத்தில் வேலை முடிந்து வரவே ராத்திரி பத்தாகிவிடும். நாடகம் போய்விடும். அதனால் அவன் அப்பா மனைவிக்காக அதைக் கேசட்டில் பதிவு செய்து வைப்பார். அம்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பார். அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. கேசட்டுகள் பரணில் இருந்தன.

கம்பெனியே நல்ல பிரிண்ட் போட்டிருக்கும்போது பழைய கேசட் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிபிசியில் 1965 முதல் 1971 வரை 'அவுட் ஆஃப் தி அன்னோன்' என்று ஓர் அறிவியல் கதைத் தொகுப்புத் தொடர் வந்தது. ஐசக் அசிமோவ் கதைகள்கூட அதில் நாடகமாயின. மொத்தம் 49 எபிசோடுகள். இன்றைக்கு முழுசாக இருப்பவை 20. மற்றவை அழிக்கப்பட்டுவிட்டன. வீடியோ நாடா அப்போது விலை அதிகம், அதனால் ஒன்றின் மேலேயே இன்னொன்றைப் பதிவு செய்தார்கள். அதே பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரிலும் 1960களின் எபிசோடுகள் நிறையப் போயின. ஆனால் அவற்றின் ஒலி மட்டும் ஒன்றுவிடாமல் இருக்கிறது. எப்படி? ரசிகர்கள் வீட்டில் டிவிக்கு முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள்! பெரிய நிறுவனம் தூக்கிப் போட்டதை வீட்டுக்காரர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ட்விலைட் ஸோனுக்கு அந்தக் கதி வரவில்லை. காரணம், பெரும்பாலும் அது சினிமா ஃபிலிமில் எடுக்கப்பட்டது. ஃபிலிமை இன்றைக்கும் ஸ்கேன் செய்து பளிச்சென்று கொண்டுவரலாம். இரண்டாவது சீசனில் செலவு குறைக்க ஆறு எபிசோடுகளை மட்டும் வீடியோ நாடாவில் எடுத்தார்கள். இப்போது பார்த்தால் அந்த ஆறு மட்டும் தனியாக, மங்கலாகத் தெரியும். நாடாவில் இருப்பது அவ்வளவுதான், அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக் கேசட் அதைவிட மட்டம். ஆனால் நாங்கள் தேடியது நல்ல பிரிண்ட் இல்லை.

பரணில் மூன்று கேசட் கிடைத்தன. பால்பாயின்ட் பேனாவில் அவர் எழுதியிருந்தார்: 'கருப்பு', பக்கத்தில் எபிசோடு எண்கள். கேசட்டின் முதுகில் இடது ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை மூன்றிலும் உடைத்திருந்தார். அதை உடைத்துவிட்டால் யாரும் தவறிப்போய் மேலே பதிவு செய்ய முடியாது. மனிதர் விவரமானவர். விவரம் இல்லாதவர்கள் நாங்கள்தான்.

பழைய வி.சி.ஆர். ஒன்றைச் சேலத்தில் வாங்கினோம். புதிது கிடைக்காது. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016ல் நிறுத்திவிட்டது. ஆவலில் முதல் கேசட்டை அப்படியே உள்ளே தள்ளினோம். இரண்டு நிமிடம் படம் வந்தது. பிறகு பனி கொட்டியது. பிறகு கறகறவென்று ஒரு சத்தம். அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தால் நாடா மெஷின் முழுக்கச் சுற்றிக்கொண்டு, பல இடங்களில் அறுந்து கிடந்தது. வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. நண்பன் ஒன்றும் பேசவில்லை. நாடாவைக் கைவிரலில் சுற்றி எடுத்து ஒரு கவரில் போட்டு வைத்தான்.

இந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். கேசட்டை மெஷினில் போடுவதற்கு முன் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் ஓரம் கறுப்பாகப் பளபளவென்று இருந்தால் நல்லது. வெள்ளைப் பொடியோ கோடோ தெரிந்தால் போடவே கூடாது. அந்தக் கேசட் போவது மட்டும் இல்லை, பூஞ்சை வி.சி.ஆரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அப்படிப்பட்டதைச் சுத்தம் செய்து கொடுக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். எங்கள் மூன்றாவது கேசட்டிலும் பூஞ்சை இருந்தது. அதைத் தொடவில்லை. இரண்டாவது மட்டும் சுத்தம்.

மெஷினைச் சுத்தம் செய்த பிறகு அந்த இரண்டாவதை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பவும் ஆரம்பத்துக்குச் சுற்றினோம். பல வருடம் அசையாமல் இருந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இப்படிச் செய்தால் இறுக்கம் சீராகும். கம்ப்யூட்டரோடு இணைக்கத் தேவைப்படுவது ஒரு யு.எஸ்.பி. வீடியோ கேப்ச்சர் கருவி. பென் டிரைவ் அளவுதான் இருக்கும். ஒரு முனை கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.யில், மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்கள். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. வி.சி.ஆரின் பின்னால் 'அவுட்' என்று இருக்கும் ஓட்டையில் செருக வேண்டும். 'இன்' ஓட்டையில் செருகிவிட்டு அரை மணி நேரம் திரையையே வெறித்துப் பார்த்தவர்கள் பட்டியலில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்ய ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினோம். இலவசம். சைஸ் 720க்கு 576, வினாடிக்கு 25 ஃபிரேம், நம் நாட்டு டிவி முறை அதுதான். ஃபைல் வகையை எம்.பி.4 என்று வைக்காமல் எம்.கே.வி. என்று வையுங்கள். நம் ஊரில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. பதிவு நடக்கும்போது கரண்ட் போனால் சாதாரண எம்.பி.4 ஃபைல் திறக்கவே மறுத்துவிடும், எம்.கே.வி.யில் அதுவரை பதிவானது தப்பித்துவிடும். வேலை முடிந்ததும் அதே சாஃப்ட்வேரில் எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம். அதோடு விண்டோஸ் செட்டிங்ஸில் கம்ப்யூட்டர் தூங்கப் போவதையும் நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் யாரும் மவுஸைத் தொடவில்லை என்று அது பாதியில் கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒன்றை மறக்காதீர்கள். இது ஃபைல் காப்பி செய்வது போல் இல்லை. மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். அவசரப்பட முடியாது. உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பார்த்தோம். வேகமாக ஆள் நகரும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் வந்தன. பழைய டிவிப் படம் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதியாக வினாடிக்கு ஐம்பது முறை வந்ததன் அடையாளம் அது. பதிவு முடிந்து விஎல்சி பிளேயரில் பார்க்கும்போது கீபோர்டில் 'டி' எழுத்தை ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். மற்றபடி படம் நடுங்கியது, நிறம் வழிந்தது. யூடியூப் பிரிண்டோடு ஒப்பிடவே முடியாது.

ஆனால் ஊர் அதில் இருந்தது. அடியில் ஓடிய எழுத்துகளில் நெய்க்கடை, ஜவுளிக்கடை தீபாவளித் தள்ளுபடி, காணாமல் போன ஒரு சிவப்புப் பசு. பாத்திரக்கடை விளம்பரத்தில் 'சேலம் மாவட்டம்' என்று முகவரி. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997ல். ஆனாலும் அதை வைத்து வருடத்தை முடிவு செய்ய முடியவில்லை, கடைக்காரர்கள் பழைய முகவரியை லேசில் மாற்ற மாட்டார்கள். இது பற்றி எங்களுக்குள் சண்டையே வந்தது. படத்தை நிறுத்தி, பின்னால் நகர்த்தி, திரும்பப் படித்து, பட்டறைக்காரன் தன் பெரியப்பா கடையின் பழைய பெயரைக் கண்டுபிடித்தான். நாடகத்தில் கருப்பு வந்ததையே யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது மணி நேரத்தின் நடுவில் படம் அப்படியே இருக்க, நாடகத்தின் ஒலி மட்டும் நின்றது. 'டொக் டொக்' என்று மைக்கைத் தட்டும் சத்தம். பிறகு ஒரு குரல்:

"அன்பான நேயர்களுக்கு வணக்கமுங்க. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மேல கரண்ட் இருக்காதுங்க. தண்ணி புடிச்சு வெச்சுக்குங்க. நாடகம் தொடருதுங்க."

பத்துப் பன்னிரண்டு வினாடி இருக்கும். நண்பன் மவுஸைப் பிடித்தபடி அப்படியே இருந்தான். அவன் அப்பாவின் போட்டோக்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. குரல் எங்கேயும் இல்லை. ஐந்து பேர் சேர்ந்து பார்த்த ஒரு வீடியோவில் கல்யாணப் பாட்டு மட்டும்தான் இருந்தது.

உள்ளே சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றுவிட்டது. அவன் அம்மா கதவருகே வந்து நின்றார்.

"யாரு சாமி பேசுனது?"

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் அப்போதே திருப்பிப் போட முடியவில்லை. அம்மா ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். கேசட் முடிந்து ஃபைல் சேமிக்கப்பட்டதும் முதலில் அந்த இடத்துக்குத்தான் போனோம். மூன்று முறை கேட்டார். "தண்ணி புடிச்சு வெச்சுக்குங்கன்னு ஊருக்குச் சொன்னாரு, நம்ம வூட்டுக் குடத்தை ஒரு நாளும் ரொப்புனது கெடையாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான்காவது முறை போடச் சொல்லித் திரும்பி வந்தார்.

ஃபைல் எட்டு ஜிபிக்குக் கொஞ்சம் கூடுதல். தங்கைக்குக் கொடுக்க 32 ஜிபி பென் டிரைவில் காப்பி செய்யப் போனால், 'ஃபைல் பெரியது' என்று மறுத்தது. இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று திகைக்க வேண்டாம். பென் டிரைவ் 'ஃபேட் 32' என்ற முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை ஏற்காது. 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மட் செய்த பிறகு போய்விட்டது. ஃபார்மட் செய்தால் அதில் இருப்பதெல்லாம் அழியும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் போகும், அதனால் இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. நாடகம் கவிதாலயாவின் சொத்து என்பதால் முழு ஃபைலை எங்கேயும் ஏற்றவில்லை. வீட்டுக்குள் பார்க்க மட்டும். அந்தப் பன்னிரண்டு வினாடியை மட்டும் தனியாக வெட்டி ஓர் ஒலி ஃபைல் ஆக்கினான். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, 'அப்பா கரண்ட்' என்று வைத்தான்.

மூன்றாவது கேசட் இப்போது அரிசி டப்பா போன்ற ஒரு மூடிய டப்பாவில், ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. பூஞ்சையைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவர் ஈரோட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அம்மாவும் வருகிறார்.